எமீரோவின் மூச்சு நோட்டு

எமீரோ நெக்ரேத்தே ஜெயித்தவை இவை. ஏழாம் மாதத்தில் பிறந்து, மூன்று நாள் தாங்காது என்று மருத்துவச்சி கைவிட்ட உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டான். எண்பத்தெட்டாம் வருட வெள்ளத்தில், கரைக்குக் கரை கட்டியிருந்த கம்பி அறுந்து சினு ஆறு இழுத்துக்கொண்டு போன தெப்பத்தை, மேலே பதினாலு பேரும் ஒரு கன்றுக்குட்டியும் இருக்க, ஒற்றை ஆளாகக் கரை சேர்த்தான். தெப்பக்காரன் மகனுக்குத்தான் தெப்பம் என்றிருந்த புவெர்த்தோ நிஸ்பெரோவில், சலவைக்காரி மகனாக இருந்து, கம்பி பிடித்துத் தெப்பம் ஓட்டும் வேலையைக் கைப்பற்றினான். "நின்னுக்கிட்டே தூங்குறவனுக்கு என் பொண்ணு கிடையாது" என்று வாசலில் நிற்க வைத்தே சொன்ன மனிதரிடம் ஏழு தடவை போய், எட்டாம் தடவை லுஸ்மிலாவைக் கட்டிக்கொண்டான். கடைசியாக, தன் தொண்டையை ஜெயித்தான். மற்றதெல்லாம் ஊருக்கே தெரியும். தொண்டை விஷயத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

எமீரோவைவிட ஐந்து வயது மூத்தவள் அவனுடைய அக்கா நூரிஸ். மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கோழி அடைக்கு உட்கார்ந்தால்கூட நாளும் மணியும் குறித்து வைப்பாள். எமீரோவுக்கு அந்த மூன்று வகுப்பும் இல்லை. பள்ளியில் சேர்த்த மூன்றாவது வாரம், வகுப்பில் குறட்டை விட்டுத் தூங்கியதற்காக ஆசிரியர் அவன் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி வீட்டுக்கு அனுப்பினார். சோம்பேறி என்று முடிவாகிவிட்டது. நூரிஸும் அப்படித்தான் நினைத்தாள். அதன் பிறகு அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் கட்டைவிரல் மை வைத்தான். பக்கத்தில் சாட்சியாக நூரிஸ் தன் பெயரை எழுதினாள்.

குறட்டையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆற்றின் மறுகரையில் கேட்கும் என்று கேலி பேசுவார்கள், அவ்வளவுதான். 2016 அக்டோபரில் லுஸ்மிலா ஒருநாள் காலையில் கண் வீங்கி நூரிஸ் வீட்டுக்கு வந்தாள்.

"மதினி, உங்க தம்பிக்கு ராத்திரி மூச்சு நிக்குது. யாரோ கழுத்தைப் பிடிக்கிற மாதிரி கிடக்குறாரு. அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து வெளிய வர்ற ஆளு மாதிரி ஒரு இழுப்பு. திரும்பவும் குறட்டை. கேட்டா ஒண்ணுமே தெரியாதுங்குறாரு."

"குடிச்சிருப்பான்."

"ரெண்டு மடக்கு. அது என்னைக்கும் உள்ளதுதானே."

நூரிஸ் நம்பவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கே போய்த் தம்பியின் வாயை முகர்ந்தாள். சாராய வாடை லேசாகத்தான் இருந்தது. அப்படியானால் இரவில் எங்கோ போய்விட்டு வருகிறான், அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது என்று யோசித்தாள். அவன் செருப்புக்கு அடியில் சாம்பலைத் தூவி வைத்தாள். மூன்று நாளும் சாம்பல் கலையவில்லை. குடி இல்லை, பெண் இல்லை என்றால் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. நெஞ்சில் ஏறி உட்காரும் சூனியக்காரி.

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூச்சு நிற்கிற நேரத்தில் உரக்கச் சொல்ல வேண்டும்: "நாளைக்கு வா, உப்பு தாறேன்!" மறுநாள் விடிந்ததும் யார் முதலில் உப்பு கேட்டு வருகிறாளோ, அவள்தான்.

லுஸ்மிலா அப்படியே சொன்னாள். மறுநாள் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, சுரைக்குடுக்கையைக் கையில் ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டு எதில்வியா வந்து நின்றாள்.

"லுஸ்மிலா, ஒரு கை உப்பு குடேன். மகன் ஒரு கூடை மீனைக் கொண்டாந்து போட்டுட்டான், வீட்டுல ஒரு கல் உப்பு இல்ல."

நூரிஸ் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அவளுக்கும் எதில்வியாவுக்கும் நாற்பது வருடப் பழக்கம். ஒரே சலவைக் கல்லில் துணி துவைத்தவர்கள், ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் பால் கொடுத்தவர்கள். அன்றைக்கு நூரிஸ் எதில்வியாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். தரையில் சரியாகப் பதிகிறதா என்று.

விஷயம் மதியத்துக்குள் ஊர் முழுக்கப் போயிற்று. எதில்வியா புளித்த பாலாடை செய்து தெப்பத்தில் வைத்து விற்பவள். அன்று போன பாலாடைக் கேன் அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் அப்படித்தான். அவள் உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை.

சூனியக்காரியைக் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் எமீரோ தேறவில்லை. காலையில் தலைவலி, இரவில் நாலைந்து முறை சிறுநீர், பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கியது. 2017 ஜனவரி 19 அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிப்போனான். ஆற்றின் வேகத்துக்குத் தெப்பத்தைச் சாய்த்துப் பிடித்திருந்த கயிறு நழுவியது. தெப்பம் துறைப் பலகையில் போய் மோத, ஒரு வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டியோடு தண்ணீருக்குள் விழுந்தது. ஓட்டியை இழுத்துப் போட்டுவிட்டார்கள். வண்டி போயே போயிற்று.

ஊர்க்குழுத் தலைவர் தோன் ரெமீஹியோ நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"எமீரோ, நம்ம பிள்ளைங்க அம்பது பேரு தினமும் அந்தத் தெப்பத்துல அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகுதுங்க. கம்பியை விட்டுரு. கரையில பலகை போடுற வேலையைப் பாரு. நவம்பர்ல தெப்பத்துக்குப் புதுப் பத்திரம் எழுதுறப்போ, நீ சரியாயிட்டேன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தா, கம்பி உன்னது. இல்லேன்னா வேற ஆளு."

முப்பத்தொரு வருடம் பிடித்த கம்பி. எமீரோ போய்ப் பலகை போட்டான். நூரிஸ்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சூனியத்தைக் கையும் களவுமாகப் பிடித்துக் குழுவின் முன்னால் நிறுத்தினால் தம்பிக்குக் கம்பி திரும்பக் கிடைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

இப்போது மூச்சு நிற்பது மதியத் தூக்கத்திலும் வந்தது. துறைக்கு மேலே மர நிழலில் ஊஞ்சல் வலையைக் கட்டி, பன்னிரண்டரைக்கு மேல் எமீரோ படுப்பான். பிப்ரவரி 7 அன்று நூரிஸ் ஒரு முக்காலி, செத்துப்போன கணவனின் கைக்கடிகாரம், ஒரு நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தின் மேல் கொட்டை எழுத்தில் "எமீரோ நெக்ரேத்தே" என்று எழுதினாள். கீழே தேதி.

ஒரு மணி ஆறு நிமிடத்தில் குறட்டை நின்றது. வயிறு மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. மூக்கின் முன் பிடித்த கோழி இறகு அசையவில்லை. நூரிஸ் முள்ளைப் பார்த்தாள். பத்து. இருபது. முப்பத்தொன்றில் உடம்பு தூக்கிப்போட, பெரிய இழுப்போடு மூச்சு வந்தது. அவள் சட்டென்று நாலாபுறமும் பார்த்தாள். மரத்தில் பறவை இல்லை, பல்லி இல்லை. ஆற்றின் நடுவே தெப்பம் வந்துகொண்டிருந்தது. அதில் தனிப் பலகையில், மடியில் கேனை வைத்துக்கொண்டு, எதில்வியா தலையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

'உடம்பை அங்கே வைத்துவிட்டு வருவாளோ' என்று நூரிஸ் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. முப்பத்தொன்று, இருபத்தாறு, நாற்பத்துநாலு, இருபத்தொன்பது. அரை மணியில் இருபத்திரண்டு தடவை. மறுநாள் அதே நேரத்தில் இருபத்துமூன்று. அதற்கு மறுநாள் இருபது. மல்லாந்து கிடந்தால் அதிகம், ஒருக்களித்தால் குறைவு. முந்தின இரவு இரண்டு மடக்குக் குடித்திருந்தால் இன்னும் அதிகமோ என்று பார்க்க, அவனுக்குத் தெரியாமல் சாராயத்தில் தண்ணீர் கலந்தாள், குறைந்தது. எதில்வியா ஊரில் இல்லாமல் லோரிக்காவுக்குப் போயிருந்த நான்கு நாளும் எண்ணிக்கை மாறவில்லை. அந்தப் பக்கத்தை நூரிஸ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சூனியக்காரி யாராக இருந்தாலும் இப்படிக் கடிகாரம் வைத்துக்கொண்டு வேலை செய்யமாட்டாள்.

மூன்று வாரம் கழித்து சுகாதார நிலையத்தில் புதிதாக வந்திருந்த டாக்டர் பெண்ணிடம் நோட்டைக் கொண்டுபோனாள். மலைநாட்டுப் பெண், கட்டாயக் கிராம சேவைக்கு வந்தவள். மலைநாட்டார் மேல் நூரிஸுக்கு எப்போதும் நம்பிக்கை கிடையாது. டாக்டர் நோட்டைப் புரட்டினாள். வேகமாகப் புரட்டத் தொடங்கியவள் மெதுவானாள்.

"இதை யாரு எழுதினது?"

"ஏன், தப்பா இருக்கா?"

"அம்மா, என்கூடப் படிச்சவங்கள்லகூட இவ்வளவு சுத்தமா யாரும் எழுதி நான் பாத்ததில்ல."

இவள் எதையோ விற்கப் பார்க்கிறாள் என்று நூரிஸ் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டுத் தன் கையையே தொண்டை மாதிரிக் குவித்துக் காட்டினாள்.

"தூங்குறப்போ எல்லாருக்கும் தொண்டைச் சதை தளரும். உங்க தம்பிக்கு ரொம்பத் தளருது. நாக்கும் பின்னால சரிஞ்சு, வழியே மூடிடுது. நெஞ்சு காத்தை இழுக்குது, காத்து வரல. ரத்தத்துல காத்து குறைஞ்சதும் மூளை பயந்து, எந்திரின்னு ஒரு உதை விடுது. முழுசா முழிப்பு வராது, அதனால அவருக்கு ஞாபகம் இருக்காது. ஒரு மணிக்கு நாப்பது தடவை உதை வாங்குனா அது என்ன தூக்கம்? ராத்திரி பூரா கம்பி இழுத்த மாதிரிதான்."

"சின்னதுலேருந்தே குறட்டைதான்."

"அப்ப சின்னதுலேருந்தே அவரு சரியாத் தூங்கியிருக்க மாட்டாரு."

நூரிஸுக்கு அந்தக் குடம் தண்ணீர் ஞாபகம் வந்தது. "யாராவது செஞ்சு வச்சா இது வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"யாரும் செய்ய வேண்டாம்மா. கழுத்து தடிச்சிருக்கு, வயசாயிடுச்சு, ராத்திரி சாராயம் வேற. ரத்த அழுத்தம் பாருங்க, எவ்வளவு ஏறியிருக்கு. இப்படியே விட்டா ஒருநாள் இதயம் நிக்கும், இல்ல பக்கவாதம் வரும்."

ஏப்ரலில் மொந்தெரியா நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு இரவு எமீரோ உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்தார்கள். மே 10 அன்று தாள் வந்தது. மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை. நூரிஸ் ஊர் திரும்பும் பேருந்தில் தன் நோட்டையும் அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்து இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, தெருவில் எல்லாரும் வாசல் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நூரிஸ் ஒரு சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு எதில்வியா வீட்டு வாசலில் போய் நின்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு.

"எதில்வியா," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள். "ஒரு கை உப்பு குடு."

துடைப்பங்கள் நின்றன. எதில்வியா வெளியே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உப்பா? ராத்திரி யாரு நெஞ்சு மேல ஏறிட்டு வர்றே, நூரிஸ்? உன் எடையைத் தாங்கினானா பாவி?"

"சிரிக்காதடி. குடு."

"ஏழு மாசம் என் பாலாடையை நாய்க்கு ஊத்தினேன். நாயே வேண்டாம்னு போயிருச்சு."

"தெரியும். எல்லாம் என் வாயால வந்ததுதான். அதான் எல்லாரும் பாக்கட்டும்னு வந்து நிக்குறேன். இனிமே இந்தத் தெருவுல சூனியக்காரின்னா அது நான்தான்னு வச்சுக்கட்டும்."

எதில்வியா உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது குடுக்கை நிறைய உப்பு இருந்தது. அதற்கு மேல் ஒரு வாழையிலைத் துண்டில் பாலாடை.

"உன்ன இன்னும் மன்னிக்கல," என்றாள். "இது எமீரோவுக்கு."

அதன் பிறகு பெட்டி வந்த கதை. மூச்சு வழி மூடாமல் இரவு முழுக்கக் காற்றை ஊதித் திறந்து வைக்கிற ஒரு சிறிய பெட்டி, அதில் ஒரு குழாய், குழாய் நுனியில் மூக்குக்கு ஒரு முகமூடி. காப்பீட்டு அலுவலகம் முதலில் இல்லை என்றது. நீதிபதியிடம் மனுப் போட்ட பிறகு, பத்தாம் நாளே, கொடு என்று உத்தரவு வந்து, ஜூலை 3 அன்று பெட்டி வந்தது. இவ்வளவு சீக்கிரம் ஏன் கொடுத்தார்கள் என்று நூரிஸுக்கு அதிலும் சந்தேகம்.

எமீரோவுக்கு அந்தப் பெட்டி ஆகவில்லை. முகமூடியின் ஓரத்தில் காற்று ஒழுகி விசில் அடித்தது, நாய் குரைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் பிடுங்கி எறிந்துவிடுவான். மூன்றாவது வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். சராசரி ஒன்றரை மணி நேரம்தான் போட்டிருக்கிறார், நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றாள்.

நூரிஸ் லுஸ்மிலாவைப் பார்த்தாள். "அவளுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"என்னைப் பாக்காதீங்க மதினி! பெட்டிக்குள்ளயே ஒரு அட்டை இருக்காம், அது எழுதி வைக்குமாம்."

"அப்ப அது வேவு பாக்குது." அன்றிரவே நூரிஸ் பெட்டியின் மேல் கனமான போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் போனாள். எமீரோவுக்கு அரை மணியில் மூச்சு முட்டியது. பெட்டி காற்றை உள்ளே இழுக்கிற ஓட்டையை அக்கா அடைத்துவிட்டிருந்தாள். இதைக் கேட்ட டாக்டர் பெண் சிரிக்கவில்லை. எழுந்து நேரே எமீரோ வீட்டுக்கே வந்தாள். போர்வையை எடுத்தாள், பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி முக்காலியில் வைத்தாள், ஊஞ்சல் வலைக்குப் பதில் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். பிறகு முகமூடியை எமீரோவின் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"மீசைதான். மீசை இருந்தா இது ஒட்டாது."

அந்த மீசை பதினேழு வயதில் வைத்தது. லுஸ்மிலாவின் அப்பா எட்டாவது தடவை மனம் மாறியதே மீசையைப் பார்த்துத்தான் என்று எமீரோ சொல்லிக்கொள்வான். "மீசையா, கம்பியா?" என்று நூரிஸ் கேட்டாள். அவன் ஆற்றுப் பக்கம் போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது மேலுதடு வெள்ளையாக, பயந்துபோன மாதிரி இருந்தது.

"அய்யோ, உங்க மூஞ்சி எங்க போச்சு?" என்றாள் லுஸ்மிலா.

"ஆத்துல போச்சு. வா, அந்தக் குழாயைக் கொண்டா."

அன்று ஆறு மணி நேரம். பத்தாம் நாளில் ஏழு. ராத்திரிச் சாராயம் நின்றது. காலைத் தலைவலி போயிற்று. ஒருநாள் மதியம் எமீரோ மர நிழலில் படுக்காமல் சும்மா உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, உடம்புக்கு என்ன என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

நூரிஸ் தொடர்ந்து எழுதினாள். இப்போது எண்ணுவது நிற்கிற மூச்சை அல்ல, ஓடுகிற மணி நேரத்தை. அந்த அட்டையை அவள் நம்பவில்லை. அட்டை பொய் சொன்னால் எடுத்துக் காட்டத் தன் நோட்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் முதல் நாள் போலவே தம்பியின் பெயர்.

செப்டம்பரில் நோட்டுகளை யாரோ தொடுகிறார்கள் என்று கண்டுபிடித்தாள். எமீரோ வீட்டு அலமாரியில் வைத்த இடத்தில் இல்லை. கடைசிப் பக்கங்கள் சில கிழிக்கப்பட்டிருந்தன. காப்பீட்டுக்காரன் ஆள் வைத்து ஆதாரத்தை அழிக்கிறான் என்று முதலில் நினைத்தாள். லுஸ்மிலா அடுப்பு பற்ற வைக்கிறாள் என்று அப்புறம். அலமாரிக் கதவில் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்தாள். மறுநாள் மதியம் முடி அறுந்திருந்தது. லுஸ்மிலாவிடம் கேட்டாள், எதில்வியாவிடமும் கேட்டாள்.

"திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் எதில்வியா. "நான் சூனியக்காரி வேலையை விட்டு நாளாச்சு."

நவம்பரில் புதுப் பத்திரம் எழுதுகிற நாள் வந்தது. பள்ளிக்கூட அறையில் ஊர் கூடியிருந்தது. எதில்வியா காலிக் கேனோடு கதவருகில் நின்றாள். மூன்று மாதமாக மணிக்கு நான்கு தடவைக்கு மேல் மூச்சு நிற்கவில்லை, தினமும் பெட்டி போட்டுத் தூங்குகிற காலம் வரைக்கும் இந்த மனிதர் கம்பி பிடிக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்ததைத் தோன் ரெமீஹியோ உரக்கப் படித்தார். அந்தக் கடைசி வரியை நூரிஸ் வாங்கித் தானும் ஒருமுறை படித்துச் சரிபார்த்தாள். தலைவர் வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து எமீரோ பக்கம் தள்ளினார். நூரிஸ் சாட்சி எழுதப் பேனாவை எடுத்தாள்.

"அதைக் குடுக்கா," என்றான் எமீரோ.

"எதை?"

"பேனாவை."

மைப்பெட்டியை மூடி நகர்த்தி வைத்தான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தான். நூரிஸுக்கு அந்தக் கோடுகள் உடனே தெரிந்தன. தன் நோட்டின் கடைசிப் பக்கம். மேலிருந்து கீழ் வரை, முதலில் கோணலாகவும் போகப் போக நேராகவும், அவளுடைய கொட்டை எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதின அதே இரண்டு சொற்கள்.

"நீயா திருடினே?"

"மத்தியானத்துல தூக்கம் வரலையே, என்ன செய்யுறது?"

அவன் பத்திரத்தின் மேல் குனிந்தான். கம்பி இழுத்துக் காய்ப்புக் காய்த்த விரல்களுக்குள் பேனா காணாமல் போயிற்று. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நூரிஸ் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு நிமிடம் பத்து வினாடி ஆயிற்று. அவன் நிமிர்ந்ததும் பத்திரத்தைத் தன் பக்கம் திருப்பி, ஓர் எழுத்தும் விடாமல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தன. பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில், தேதிக்கு விட்டிருந்த இடத்தில், தேதியை மட்டும் தன் கையால் எழுதினாள்: 2017 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை.